எட்டு மாதத்தில் மாறிப்போகும் குட்டி: முதல்முறை நாய் வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

நான்கு மாதத்தில் "உட்கார்" என்றதும் உட்கார்ந்த குட்டி, எட்டு மாதத்தில் அதே சொல்லைக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கூப்பிட்டால் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறது. பிறகு சாலையோரப் புல்லை முகர்ந்தபடி தன் வழியே போகிறது. வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்று பல வாரங்கள் ஆனபின் சோபா ஓரத்தில் காலைத் தூக்குகிறது. தினமும் தாண்டிப்போன குப்பைத்தொட்டியைக் கண்டு இன்று பின்வாங்கிக் குரைக்கிறது. "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். "நாலு போடு போட்டால் சரியாகிவிடும்" என்பார் எதிர்வீட்டுக்காரர். இரண்டு பேச்சையும் காதில் வாங்க வேண்டாம். குட்டி கெட்டுப்போகவில்லை. விடலைப் பருவத்துக்குள் நுழைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் கடக்க வேண்டிய மாதங்கள் நீளமானவை. ஆசையாக வாங்கி வந்த நாயை யாருக்காவது தள்ளிவிடவோ, ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வரவோ பலர் துணிவது இந்த வயதில்தான். எனவே முதலில் வீட்டில் உள்ளவர்களின் பொறுமையைக் காப்பாற்ற வேண்டும். பயிற்சியெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

எப்போது தொடங்கும், எப்போது அடங்கும்

பாமரேனியன், பக் போன்ற சிறிய இனங்களில் ஐந்தாறு மாதத்திலேயே தொடங்கி ஒரு வயதை ஒட்டி அடங்கிவிடும். லாப்ரடாரும் நம் தெருவில் பிறந்த நாட்டு நாயும் ஆறேழு மாதத்தில் ஆரம்பித்து ஒன்றரை வயதுவரை இழுக்கும். ராஜபாளையம், ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற பெரிய உடல்வாகு கொண்டவை இரண்டு வயதைத் தொடும்போதுதான் நிதானத்துக்கு வரும். உடல் முந்திக்கொண்டு வளர்கிறது. ஆசையை அடக்கிக்கொள்ளும் திறன் பின்தங்கி வருகிறது. இந்த இடைவெளியில்தான் எல்லா ரகளையும் நடக்கிறது.

பிரிட்டனில் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் லூசி ஆஷரும் குழுவினரும் 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பார்வையற்றோருக்கு வழிகாட்டுவதற்காக வளர்க்கப்பட்ட குட்டிகளை ஐந்து மாதத்திலும் எட்டு மாதத்திலும் சோதித்தார்கள். சோதனை மிக எளியது: "உட்கார்" என்றால் உட்காருகிறதா? எட்டு மாதத்தில் அவை தங்களை வளர்த்தவரின் சொல்லைத்தான் அதிகம் தட்டின. அறிமுகமில்லாதவர் சொன்னபோது அந்த முரண்டு இல்லை. ஒரு வயதை எட்டியபோது நிலைமை தேறியிருந்தது. வளர்த்தவரிடம் உறுதியான ஒட்டுதல் இல்லாமல், பிரிந்தால் பதறும் இயல்புள்ள நாய்களிடம் முரண்டு கூடுதலாகத் தெரிந்தது.

"பயிற்சியாளர் சொன்னால் உடனே செய்கிறது, என்னிடம் மட்டும் ஆட்டம் காட்டுகிறது" என்று புலம்புகிறவர்களுக்கு இந்த ஆய்வு ஓர் ஆறுதல். உங்களிடம் ஆட்டம் காட்டுவது உங்கள் வளர்ப்பின் தோல்வி அல்ல. அந்த வயதின் இயல்பே அதுதான். இன்னொன்றும் இதிலிருந்து புரிகிறது. மாதக்கணக்கில் நாயைப் பயிற்சி விடுதியில் விட்டு அழைத்து வருவதால் பெரிய பலன் இருக்காது. முரண்டு உங்களோடுதான் என்றால், தீர்வும் உங்களோடுதான் நடக்க வேண்டும். உறவை முறிக்கும் எந்தத் தண்டனையும் இந்த வயதில் இரட்டை நஷ்டம்.

முதல் வேலை: கால்நடை மருத்துவர்

நடத்தை திடீரென மாறினால் முதலில் வலியைச் சந்தேகியுங்கள். பெரிய இனக் குட்டிகளுக்கு ஐந்து மாதம் முதல் ஒன்றரை வயதுவரை எலும்பு வளர்ச்சியில் வலி வருவதுண்டு. ஒரு நாள் முன்னங்காலில் நொண்டும், சில நாள் கழித்து வேறு காலில். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறும் இதே வயதில் தலைகாட்டும். காதில் சீழ் வைத்திருக்கும் நாய் தலையைத் தொட்டால் உறுமும். பெண் நாய் வீட்டுக்குள் அடிக்கடி சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டால் அது திமிர் அல்ல, சிறுநீர்ப்பாதைத் தொற்றாக இருக்கலாம். விளையாட்டை மறந்து சுருண்டு படுத்தால் உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனை கேளுங்கள். நம் ஊர் வெப்பத்தில் உண்ணிக்கு ஓய்வுக்காலமே கிடையாது.

ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் பிறவிச் செவிட்டுத்தன்மை இந்த இனத்தில் உண்டு. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியைச் சின்ன வயதில் கண்டுபிடிப்பது கடினம். மற்ற குட்டிகளைப் பார்த்து அதுவும் ஓடிவந்துவிடும். வெளியே தனியாக நடக்கும் வயதில்தான் "கூப்பிட்டால் திரும்புவதே இல்லை" என்ற புகார் வருகிறது. நாய் வேறு பக்கம் பார்த்திருக்கும்போது, அதன் கண்ணில் படாமல் சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். காது அசையவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். செவிட்டு நாயைக் கைச்சைகையால் அருமையாகப் பழக்கலாம். பிடிவாதம் என்று நினைத்து அடித்தால் உங்கள்மேல் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

அப்படியே வெறிநாய்த் தடுப்பூசி எப்போது போட்டது என்று அட்டையைப் பாருங்கள். மூன்று மாதத்தில் போட்டதோடு பலர் மறந்துவிடுகிறார்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்கு நாய்க்கான உரிமமும் கட்டாயம். அதற்கும் இந்த ஊசிச் சான்று வேண்டும்.

இரண்டாவது: வீட்டை மாற்றுங்கள்

நாயைத் திருத்துவதற்கு முன் வீட்டைத் திருத்துவது எளிது, மலிவும்கூட. ஒரு செயலால் ஏதாவது கிடைக்கும்வரை நாய் அதைச் செய்துகொண்டேதான் இருக்கும். சமையல் மேடையில் ஒருமுறை மீன் வறுவல் கிடைத்துவிட்டால் அடுத்த நூறு நாளும் அங்கே கால் வைத்துப் பார்க்கும். ஆகவே செருப்பு அலமாரிக்குக் கதவு போடுங்கள். சார்ஜர் கம்பிகளை மேலே ஏற்றுங்கள். சமையலறை வாசலுக்குக் குழந்தைகளுக்கான தடுப்புக் கதவு ஒன்று வாங்குங்கள். குப்பைக்கூடை மூடியோடு இருக்கட்டும். பால்கனியிலிருந்து போவோர் வருவோரைப் பார்த்து நாள் முழுவதும் குரைக்கிறதா? கிரில்லின் கீழ்ப்பாதியை அட்டையாலோ மூங்கில் தட்டியாலோ மறைத்துவிடுங்கள். குரைப்பதற்குக் காரணமே கண்ணில் படாதபோது பாதிச் சத்தம் தானாகக் குறையும்.

வாசல் கேட்டின் தாழ்ப்பாளையும் பாருங்கள். குட்டியாக இருந்தபோது தாண்ட முடியாத மதிலை இப்போது அது தாண்டும். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நம் ஊர் நாய் இனங்கள் முயலைத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை; பூனை ஒன்று குறுக்கே ஓடினால் உங்கள் குரல் அவற்றின் காதில் விழாது. கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் பொறித்த தகடு தொங்கட்டும்.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். அப்பா "இறங்கு" என்கிறார், மகள் "டவுன்" என்கிறாள், பாட்டி "சீ போ" என்கிறார் என்றால் நாய் எதைக் கேட்கும்? சாப்பாட்டு மேசைக்குக் கீழே தாத்தா ரகசியமாகத் தள்ளும் பிஸ்கட்டை நிறுத்துவதுதான் இதில் எல்லாவற்றையும்விடச் சிரமமான வேலை. அதை நிறுத்த முடியாவிட்டால், பிஸ்கட் நாயின் தட்டில் விழ வேண்டும் என்று அவரோடு சமாதானம் பேசிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: பாடத்தை அரிச்சுவடியிலிருந்து

தெரிந்த பாடத்தை மறந்துவிட்டதே என்று கோபப்படாதீர்கள். தெரியாத குட்டிக்குச் சொல்வதுபோல மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். முக்கியமான பாடம் ஒன்றுதான்: கூப்பிட்டால் வருவது. மற்றதெல்லாம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் உயிருக்கு ஆபத்தில்லை. இது தவறினால் சாலையில் முடியும்.

பழைய அழைப்புச் சொல் ஏற்கெனவே நூறுமுறை வீணாகிப் போயிருந்தால் புதிய சொல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக்குள், வேறு சத்தமில்லாத நேரத்தில், நாய் இரண்டடி தள்ளி நிற்கும்போது சொல்லுங்கள். சொன்ன உடனே வேகவைத்த கோழித்துண்டு ஒன்று. துண்டு உங்கள் சுண்டுவிரல் நகம் அளவு இருந்தால் போதும். வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். இரண்டடியில் நிற்கும் நாய் வரத்தான் செய்யும், அதற்காகத்தான் இரண்டடி. பிறகு அடுத்த அறையிலிருந்து. பிறகு மொட்டைமாடியில். பிறகு தெரு ஓய்ந்த அதிகாலையில் வாசலில். ஒவ்வோர் இடத்திலும் பத்துக்கு ஒன்பது முறை ஓடிவந்தபிறகுதான் அடுத்த இடம். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், நாளைக்கு நான்கைந்து தடவை. அரைமணி நேரம் தொடர்ந்து பழக்கினால் இருவருக்குமே அலுத்துப்போகும்.

திறந்த வெளியில் கயிற்றை அவிழ்த்து விடும் ஆசையை ஒன்றரை வயதுவரை ஒத்திவையுங்கள். அதற்குப் பதில் பத்து மீட்டர் நீளமுள்ள மெல்லிய பருத்திக் கயிறு ஒன்று வாங்கி, கழுத்தில் கட்டாமல், மார்பைச் சுற்றிவரும் ஹார்னஸின் முதுகு வளையத்தில் மாட்டுங்கள். நாய்க்கு ஓடுவதற்கு இடமிருக்கும், உங்களுக்குக் கவலை இருக்காது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள மட்டும் வேண்டாம். விசையோடு இழுத்தால் விரல் முறியும்.

அழைப்புச் சொல்லுக்கு ஒரு தீட்டு உண்டு. அந்தச் சொல்லால் கூப்பிட்டுக் குளிப்பாட்டாதீர்கள், மாத்திரை புகட்டாதீர்கள், வந்ததும் திட்டாதீர்கள். அரைமணி நேரம் தேட வைத்துவிட்டு வந்தாலும் கோழித்துண்டுதான். வந்ததற்கு அடி கிடைத்த நாய், அடுத்தமுறை வராமல் இருப்பதே நல்லது என்று தெளிவாகக் கற்றுக்கொள்கிறது.

கயிற்றை இழுத்துக்கொண்டு நடப்பதற்கு மருந்து நிற்பது. கயிறு இறுகியதும் மரம்போல் நின்றுவிடுங்கள், தளர்ந்ததும் நடங்கள். முதல் வாரம் தெருமுனையைத் தாண்ட மாட்டீர்கள். அவசரமாக அலுவலகம் கிளம்பும் காலைகளில் இதைப் பழக்க முயலாதீர்கள். அன்று மொட்டைமாடியில் பந்து போட்டு விளையாடிவிட்டுப் போங்கள். பாதி நாள் நிற்பதும் பாதி நாள் இழுபட்டு ஓடுவதுமாக இருந்தால், இழுத்தால் எப்போதாவது பலன் உண்டு என்பதைத்தான் நாய் புரிந்துகொள்ளும்.

விருந்தினர்மீது தாவுவதும் இதே கணக்குதான். நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் தடவிக்கொடுங்கள்; தாவினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கவனம் கிடைக்காத நாய் முதலில் இன்னும் பலமாகத் தாவும், இன்னும் உரக்கக் குரைக்கும். பலர் இந்த இடத்தில் "இது வேலைக்காகாது" என்று கைவிட்டுவிடுகிறார்கள். பழைய வழி பலிக்காததைக் கண்டு நாய் கடைசியாக ஒருமுறை பலமாக முயன்று பார்க்கிறது; அந்த சில நாட்களைத் தாங்கிவிட்டால் தணியும். வயதானவர்களும் சிறு குழந்தைகளும் வரும்போது மட்டும் இந்தப் பரீட்சையெல்லாம் வேண்டாம். நாயை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள்.

கடிப்பதும் குதறுவதும்

ஆறேழு மாதத்துக்குள் 28 பால்பற்கள் விழுந்து 42 நிரந்தரப் பற்களும் முளைத்துவிடுகின்றன. ஆகவே ஒன்பது மாத நாய் மெத்தையைக் கிழிப்பதைப் பல் முளைக்கும் அரிப்பு என்று சொல்ல முடியாது. மெல்லுவது அதற்கு மனத்தைத் தணிக்கும் வேலை. வேலை கொடுக்காவிட்டால் அதுவே தேடிக்கொள்ளும். கெட்டியான ரப்பர் பொம்மைக்குள் தயிர்ச்சாதம் அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். பழைய பருத்தித் துண்டை முடிச்சுப்போட்டு நனைத்து உறையவைத்துக் கண்ணெதிரே கொடுக்கலாம். சமைத்த எலும்பு மட்டும் கூடாது. பிளந்து குடலைக் குத்தும். திராட்சையும் உலர்திராட்சையும் விஷம் என்பதால் பாயசம், கேசரி செய்யும் நாளில் கீழே விழுவதைக் கவனியுங்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பேய் பிடித்ததுபோல் வீட்டைச் சுற்றி ஓடி, லுங்கி நுனியைக் கவ்வி இழுக்கும் நாயை இன்னும் ஓடவிட்டுக் களைக்க வைக்கப் பார்க்கிறார்கள். பல நேரம் பிரச்சினை நேர்மாறானது: அந்த நாய் பகலில் தூங்கவே இல்லை. இந்த வயதில் நாளில் பாதிக்கும் மேற்பட்ட நேரம் தூக்கம் வேண்டும். கூட்டுக் குடும்பத்திலும் குழந்தைகள் இருக்கும் வீட்டிலும் அதற்கு அமைதியான மூலை கிடைப்பதில்லை. மதியம் இரண்டு மணி நேரம் மின்விசிறியின் கீழ் ஓர் அறையில் தனியாகப் படுக்கப் பழக்குங்கள். தனியாக இருக்கப் பழகுவதும் அதோடு சேர்ந்து நடந்துவிடும்.

ஓட்டத்தைவிட மோப்பம் நாயைக் களைக்க வைக்கும். காலை உணவில் கொஞ்சத்தைத் தோட்டத்துப் புல்லிலோ, சுருட்டிய பழைய போர்வையிலோ தூவித் தேடவிடுங்கள். நடையிலும் கொஞ்ச தூரம் அது விரும்பும் இடமெல்லாம் முகரட்டும். சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

திடீர் பயம்

ஆறு மாதத்துக்கும் ஒன்றேகால் வயதுக்கும் இடையில், பழகிய பொருட்களைக் கண்டே மிரளும் ஒரு காலம் பல நாய்களுக்கு வருகிறது. குடை, ஹெல்மெட் போட்ட ஆள், கோயில் கொட்டு, காற்றில் ஆடும் கட்சிக் கொடி என்று எதுவாகவும் இருக்கலாம். "பயத்தைப் போக்குகிறேன்" என்று அருகே இழுத்துப் போகாதீர்கள். அது பார்த்துக்கொண்டே, ஆனால் குரைக்காமல், கொடுத்ததைத் தின்னும் தூரம் எதுவோ அந்தத் தூரத்தில் நில்லுங்கள். கொடியைப் பார்க்கிறது, ஒரு துண்டு; மறுபடி பார்க்கிறது, மறுபடி துண்டு. தூரத்தை நாயே குறைக்கும். பயந்த நாயைத் தடவினால் பயம் வளரும் என்பது பழைய தப்பெண்ணம். உங்களிடம் வந்து ஒண்டினால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இந்தப் பருவத்தின் பெரிய சோதனை தீபாவளி. பொங்கலையொட்டிப் பிறந்த குட்டிக்குத் தீபாவளி வரும்போது ஒன்பது, பத்து மாதம்; மிரளும் வயதின் நடுவில் நிற்கும். வெடிச்சத்தத்தின் ஒலிப்பதிவை ஆடி மாதத்திலேயே தொடங்கி, காதில் விழுந்தும் விழாத அளவில், சாப்பிடும் நேரத்தில் போட்டுப் பழக்குங்கள். மிரண்டால் ஒலி அதிகம் என்று பொருள். பண்டிகை நாளில் விடியுமுன் நடத்தி முடித்துவிட்டு, ஜன்னல் சாத்தி, திரை இழுத்து, தொலைக்காட்சியை ஓடவிட்டு உள்ளறையில் யாராவது கூட இருங்கள். மொட்டைமாடியில் கட்டிவைப்பது கொடுமை. மிரண்டு தாவி உயிர்விடும். மருந்து தேவைப்படும் அளவுக்கு நடுங்கும் நாய் என்றால் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். கடையில் கேட்டு வாங்கும் மயக்க மாத்திரை உடலைக் கட்டிப்போடலாம். உள்ளே பயம் அப்படியே இருக்கும்.

ஆணும் பெண்ணும்

ஆண் நாய் ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் காலைத் தூக்கத் தொடங்கும். வீட்டுக்குள் அடையாளமிட்ட இடத்தைப் பினாயில் போட்டுத் துடைத்தால் நமக்குத்தான் வாசனை மறையும். நாயின் மூக்குக்கு அல்ல. செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவத்தால் துடைத்து, சில வாரம் அந்த இடத்தில் படுக்கையையோ தட்டையோ வையுங்கள். தலையணையின் மீதும் விருந்தினர் காலின் மீதும் ஏறுவது காமம் மட்டுமல்ல, மிகையான உற்சாகத்தின் வடிகாலும்தான். சத்தம்போட்டால் அதுவே வேடிக்கையாகிவிடும். பேசாமல் இறக்கிவிட்டு வேறு வேலை கொடுங்கள்.

பெண் நாய் முதல்முறை பருவத்துக்கு வருவது பொதுவாக ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில். பெரிய இனங்களில் இன்னும் தள்ளிப்போகலாம். சுமார் மூன்று வாரம் நீடிக்கும். இரத்தப்போக்கு வெளிறியதும் முடிந்துவிட்டது என்று வெளியே விடுகிறார்கள். கருத்தரிக்க ஏற்ற நாட்களே பெரும்பாலும் அதுதான். மூன்று வாரம் முழுவதும் கயிறு இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. பருவம் முடிந்து இரண்டு மாதம் கழித்துப் பொம்மைகளைச் சேர்த்து வைத்து, மூலையில் பள்ளம் தோண்டி, காம்பில் பால் கசிந்தால் அது பொய்க்கர்ப்பம். அந்த நாட்களில் அதன் மூலையைத் தொந்தரவு செய்தால் உறுமலாம். தானே வடிந்துவிடும், நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கருத்தடை அறுவையால் ஊர்சுற்றுவதும் அடையாளமிடுவதும் ஏறுவதும் குறையலாம். பயத்தால் வரும் ஆக்ரோஷம் அதனால் குறையும் என்று நம்பாதீர்கள். கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாக ஆய்வுகள், சில பெரிய இனங்களில் ஒரு வயதுக்கு முன் அறுவை செய்தால் மூட்டுக் கோளாறு கூடுவதாகக் காட்டுகின்றன. இன்னொரு பக்கம், அறுவை செய்யாத பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ்பிடிக்கும் ஆபத்து வயதோடு ஏறுகிறது. எப்போது செய்வது என்பதை இனத்தையும் எடையையும் வைத்து மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

தெரு நாய்கள்

வெளிநாட்டுப் புத்தகங்களில் இது இருக்காது. குட்டியாக இருந்தபோது முகர்ந்துவிட்டு விட்ட தெரு நாய்கள், எட்டு மாதத்தில் அதே நாயை வழிமறிக்கும். அது இப்போது வளர்ந்த போட்டியாளன். குட்டிக்குக் கொடுத்த சலுகை முடிந்துவிட்டது. உங்கள் நாயும் அப்போதுதான் கயிற்றின் முனையில் நின்று எகிறக் கற்றுக்கொள்கிறது. கூட்டம் படுத்திருக்கும் தெருமுனையைச் சுற்றிக்கொண்டு போங்கள். எதிரே வந்துவிட்டால் ஓடாதீர்கள், கயிற்றை இறுக்கி இழுக்காதீர்கள். நாயை உங்களுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பையிலிருக்கும் பிஸ்கட்டுகளை நொறுக்கி எதிரணியின் முன் பரவலாக வீசிவிட்டு வளைந்து விலகுங்கள். பிரிக்கக் கையை நடுவில் நீட்டினால் கடி உங்களுக்குத்தான். எந்த நாய் கடித்தாலும், உங்கள் நாயாகவே இருந்தாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

உறுமல், அடி, உதவி

தட்டின் அருகே போனால் உறுமுகிறது என்றால் "என்னிடமே உறுமுகிறாயா" என்று தட்டைப் பிடுங்குவது வழக்கம். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும் நாய் உருவாகும். தட்டைத் தாண்டிப் போகும்போது அதில் இருப்பதைவிடச் சுவையான ஒன்றைத் தூரத்திலிருந்தே போட்டுவிட்டு நகருங்கள். செருப்பைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்தாலும் துரத்தாமல் பண்டமாற்று செய்யுங்கள்.

"நாய்க்கு நீதான் தலைவன் என்று காட்ட வேண்டும்" என்று மல்லாத்திப் போட்டு அமுக்கச் சொல்லும் பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சிந்தனையின் வேர், விலங்கியலாளர் ருடால்ஃப் ஷெங்கெல் 1947-இல் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியது. காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இலேயே விளக்கிவிட்டார். பயிற்சியாளரை அமர்த்துமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: "நாய் தவறு செய்தால் என்ன செய்வீர்கள்?" பதிலில் முள்பட்டை, மின் அதிர்ச்சி, சுருக்குச் சங்கிலி என்று எது வந்தாலும் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

தோல் கிழியும்படி கடித்தது, குழந்தையை வெறித்துப் பார்த்து விறைத்து நிற்கிறது, தனியே விட்டால் கதவைப் பிறாண்டி நகத்தில் இரத்தம் வருகிறது என்றால் வீட்டு வைத்தியம் போதாது. பயிற்சியாளருக்கு முன் கால்நடை மருத்துவரிடம் போங்கள். பக்கத்தில் நல்லவர் கிடைக்காவிட்டால், சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போகும்போது ஒரு வாரக் குறிப்பு எடுத்துச் செல்லுங்கள்: எந்த நேரம், யார் அருகில் இருந்தார்கள், அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். முடிந்தால் கைபேசியில் படம்பிடித்த காட்சியும் இருக்கட்டும். மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும் பெரும்பாலான நாய்கள் சாதுவாகிவிடும்.